பழைய காருக்குப் புதுப் பொறி

ஓட்டோ இலெக்றீசியன் வேலையில் உள்ள பெரிய குறை, சந்தோஷமாக இருக்கும்போது ஒருவரும் எங்களைத் தேடி வருவதில்லை. கார் ஓடுகிறவரைக்கும் எங்கள் பெயர்கூட அவர்களுக்கு ஞாபகம் வராது. அது கொழும்பின் காலி வீதி நடுவில் நின்று, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியதும்தான், "றெஜியின்ட நம்பர் யாரிட்ட இருக்கு?" என்று வீடு முழுக்கக் கேள்வி பறக்கும்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நீங்களும் பட்டவர்கள்தான். உங்கள் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. அதன் மூடிக்குள் பொயின்ற் என்ற இரண்டு சின்ன உலோக உதடுகள் திறந்து மூட, பிளக்குக்கு நெருப்புப் பொறி போகும். அந்த உதடுகள் தேயும், கருகும், இடைவெளி மாறும். நீங்கள் சான்ட் பேப்பரால் உரசிக்கொண்டே இருப்பீர்கள். அதைக் கழற்றிவிட்டு, ஒரு காந்த வளையத்தையும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியையும் பூட்டினால் உரசுகிற வேலையே இல்லை. இதைத்தான் இலெக்ரோனிக் இக்னிஷன் என்கிறார்கள். நல்ல சாமானும் இருக்கிறது, மலிவான சாமானும் இருக்கிறது. நம் ஆட்கள் எதைக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் கராஜ் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில். என்ஜின் வேலை சுனில் அய்யே, வயர் வேலை நான். அவர் சிங்களவர், ஆனால் கோபம் வந்தால் தமிழில்தான் ஏசுவார். எனக்கு அவர் "அய்யே", அதாவது அண்ணன்; அவருக்கு நான் எப்போதும் "மல்லி", தம்பி.

கழுகு மார்க் பெட்டி

முதலாவது பெட்டியைப் பஞ்சிகாவத்தையில் ஒரு பழகின கடையில் வாங்கினேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் அவர் "நானா". என்ன சாமான் கேட்டாலும், எழும்பாமலே கையை மட்டும் நீட்டி எடுத்துத் தருவார். பெட்டியின் மேலே ஒரு கழுகுப் படம் இருந்தது. அடியில் ஆங்கிலத்தில் "தயாரிக்கப்பட்ட நாடு" என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தார்கள். செய்தவனுக்கே எந்த நாடு என்று நிச்சயமில்லைப் போல.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் மனிதருக்கு நான் பதில் சொல்லவேண்டும் அல்லவா? "நானா, இதுக்குக் கேரண்டி இருக்கா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னையும் பெட்டியையும் கடை வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படியால எறங்குற மட்டும் என்ட கேரண்டி தம்பி. எறங்கினாப் பொறவு ஆண்டவன்ட கேரண்டி."

முதலாவது வரி

அந்தக் கழுகுப் பெட்டி போனது சிவப்பிரகாசம் ஐயாவின் மொறிஸ் மைனருக்கு. வெள்ளவத்தைக்காரர். அரசாங்க வேலையில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடும் குரலை உயர்த்திக் கதைக்காத மனிதர். என் வேலையில் அது அபூர்வம். அவர் வந்த அன்று நான் கொஞ்சம் கூடுதலாகவே வீம்பு பேசிவிட்டேன். "ஐயா, இனி நீங்க பொனெற்றைத் திறக்கவே தேவையில்ல. அரை மணித்தியாலம் இருங்க" என்றேன். பெட்டிக்குள் இருந்த மடித்த பேப்பரை எடுத்து, "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு" என்று அவர் கையில் கொடுத்தேன். சுனில் அய்யே வேறு வேலையை விட்டுவிட்டு வந்து கைகட்டி நின்றார். அவருக்கு இந்தப் புதுச் சாமானில் துளியும் நம்பிக்கை கிடையாது.

பொயின்ற்றைக் கழற்றினேன். வளையத்தைப் போட்டேன். சிவப்பு வயரை ஒரு பக்கம், கறுப்பு வயரை மற்றப் பக்கம் பூட்டினேன். இப்போதைய கார்களில் பற்றரியின் நெகற்றிவ் பக்கம்தான் காரின் உடம்போடு பூட்டியிருக்கும். அந்தக் காலத்து மொறிஸில் அது தலைகீழ். பொசிற்றிவ்தான் உடம்புக்குப் போகும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். ஆனால் வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது மூளை ஓடுவதில்லை. இக்னிஷன் திறப்பைத் திருப்பினேன். "டிக்" என்று ஒரு சத்தம். மூடிக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழும்பி, அவசரமே இல்லாமல் கூரைப்பக்கம் போனது. சுனில் அய்யே புகையோடு சேர்த்துத் தலையை உயர்த்தி மேலே பார்த்தார்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "ஐயா, வயர் மாறிப்போச்சு. பிழை என்னில. வேற ஒண்டு நானே போட்டுத் தாறேன்" என்றேன். சிவப்பிரகாசம் ஐயா கோபிக்கவே இல்லை. கையிலிருந்த பேப்பரை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"உதிலை முதலாவது வரியிலேயே எழுதிக் கிடந்தது தம்பி, பொசிற்றிவ் ஏர்த் காருக்குப் பூட்ட வேண்டாமெண்டு. வேலை செய்யிற ஆளை இடையிலை குழப்பக்கூடாதெண்டு பேசாமல் இருந்தனான்."

ஃபாதர் பிந்தின நாள்

இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வெட்கம்தான். எங்கள் பங்குத் தந்தையிடம் ஒரு வொக்ஸ்வாகன் இருந்தது. அதற்கும் நான்தான் சாமான் பூட்டினேன். வயர் எல்லாம் சரியாகத்தான் கொடுத்தேன். ஆனால் மூடிக்குள்ளே வயரை இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர விட்டுவிட்டேன். உள்ளே சுற்றுகிற றோட்டர் அதில் உரசி உரசி, ஒரு கிழமையில் வயரை அறுத்துவிட்டது. அது அறுந்த நேரம்தான் பிழையான நேரம். கிராண்ட்பாஸிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து, தன் மாமனார் மரியநாயகத்துக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வந்து கடைசிப் பூசுதல் கொடுக்கவேண்டும் என்று கேட்க, ஃபாதர் எண்ணெய்ச் சிமிழோடு புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஆமர் வீதிச் சந்தியில் கார் நின்றுவிட்டது.

ஃபாதர் எனக்குப் போன் எடுத்தபோது குரலில் கோபம் இல்லை, அவசரம் மட்டும் இருந்தது. சுனில் அய்யே மோட்டார் சைக்கிளை எடுக்க, நான் பின்னால் ஏறினேன். சந்தியில் வாகனங்கள் நாலு பக்கமும் இறுகிப்போய் நின்றன. முச்சக்கர வண்டி ஒன்றும் அசையவில்லை. நடைபாதையில் ஏறி இறங்கித்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். சுனில் அய்யே என்னை இறக்கிவிட்டு, அங்கியை முழங்கால் வரை தூக்கிக் கட்டச் சொல்லி ஃபாதரை ஏற்றிக்கொண்டு பறந்தார். நான் தனியே நின்று, ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில், அறுந்த வயரைச் சீவி முறுக்கி ரேப் சுற்றினேன். எவ்வளவோ கார் என் கையால் நின்றிருக்கிறது. ஆனால் ஒரு மனிதன் என் வயரால் பூசுதல் இல்லாமல் போகப்போவது இதுதான் முதல்தடவை.

காரை எடுத்துக்கொண்டு கிராண்ட்பாஸ் வீட்டுக்குப் போய்ச் சேர நேரம் நன்றாகப் பிந்திவிட்டது. அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே மரியநாயகம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பால் விடாத பிளேன்டியில் பாண் துண்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் எண்ணெய் பளபளத்தது. கதிரையில் ஃபாதர், வாசலில் சுனில் அய்யே, இருவர் கையிலும் ஒவ்வொரு கோப்பை. "ஃபாதர், பிந்தினது என்ட பிழை" என்று நான் தொடங்கினேன். ஃபாதர் வாயைத் திறக்கமுதல் கட்டிலில் இருந்தவர் கையை உயர்த்தி என்னை மறித்தார்.

"உன்ட பிழை இல்ல மகன், உன்ட புண்ணியம். ஃபாதர் நேரத்துக்கு வந்திருந்தா நான் நிம்மதியாப் போயிருப்பேன். பிந்தினதாலதான் பசி வந்திச்சி."

பிறந்தநாள் பரிசு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் புவனேஸ்வரி ரீச்சர் இருந்தார். அவருடைய கணவர் தவராசா வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு ஒஸ்ரின் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொனெற்றைத் திறந்தாரென்றால் மத்தியானம் வரை பொயின்ற்றைக் கழற்றுவதும், உரசுவதும், ஊதுவதும், பூட்டுவதும்தான். ரீச்சருக்குக் கோயிலுக்குப் போகவேண்டும், கிருலப்பனையில் இருக்கும் மகளைப் பார்க்கவேண்டும். கார் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கடைசியில் கணவரின் பிறந்தநாளுக்கு என்று சொல்லி, அந்தச் சாமானை வீட்டுக்கே வந்து பூட்டிவிடும்படி என்னிடம் கேட்டார். பரிசு என்று மனைவி கொடுத்தால் எந்தக் கணவன் வேண்டாம் என்பான்? நான் பூட்டி முடிக்கும்வரை தவராசா பக்கத்திலேயே நின்றார். கழற்றின பொயின்ற்றை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, கூட்டாளியை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்தவர் மாதிரி உள்ளே போனார்.

மூன்று கிழமை கழித்து ரீச்சர் கொட்டாஞ்சேனைக்கே என்னைத் தேடி வந்தார். கார் நின்றுவிட்டதோ என்று எனக்குப் பயம். "கார் நல்லாத்தான் ஓடுது. திறப்பைத் தொட்டால் ஸ்ரார்ட் வருகுது" என்றார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. தலையைக் குனிந்து, கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பழைய பொயின்ற்றையே திருப்பிப் பூட்டிவிடுங்கோ தம்பி. மனுசன் போன ஞாயிறு என்ரை கிறைண்டரைக் கழட்டினவர், இந்த ஞாயிறு தையல் மெசினிலை கண் வைச்சிருக்கிறார்."

ஆறு பந்து

பெற்றோலுக்கு எல்லாரும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்தக் காலம் உங்கள் ஒருவருக்கும் மறந்திருக்காது. ஹெவ்லொக் டவுனில் கணக்குப் பாடம் எடுக்கும் குமார் சேர் தன்னுடைய ஹெரால்ட் காரோடு வரிசையில் நின்றார். அவருடைய காருக்குச் சாமான் பூட்டும்போது நான் ஒரு புத்தியீனம் செய்திருந்தேன். இக்னிஷனுக்கும் ரேடியோவுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸைப் போட்டுவிட்டேன். என்ஜின் ஓடாமல் திறப்பை மட்டும் நெடுநேரம் திருப்பி வைக்கவேண்டாம், கறுப்புப் பெட்டி சூடாகும் என்று சொல்லித்தான் விட்டேன். ஆனால் அன்றைக்குக் கிரிக்கெட் மட்ச். கரண்ட் வெட்டால் எல்லாருடைய போனும் செத்துக் கிடந்தது. முழு வரிசையிலும் பாடுகிற ரேடியோ குமார் சேரிடம்தான் இருந்தது. இரண்டு கதவையும் திறந்து விட்டுவிட்டார். இருபது பேர் சுற்றி நின்று கேட்டார்கள். கார் நகரவேண்டிய போதெல்லாம் அவரை இறங்கக்கூட விடாமல், அவர்களே தள்ளிக்கொண்டு போனார்களாம்.

கடைசி ஓவர் தொடங்குகிற நேரம் பெட்டி எரிந்து, ஃபியூஸ் போய், ரேடியோவும் நின்றது. நான் அந்த நேரம் தற்செயலாக அந்தப் பக்கம் சைக்கிளில் வந்தேன். என் மோட்டார் சைக்கிளுக்கும் பெற்றோல் இல்லை. என்னைக் கண்டதும் குமார் சேர் பாதி வழிக்கு ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார். நான் பொனெற்றைத் திறந்து மூடியைக் கழற்றி, மூக்கைக் கொடுத்து மணந்து பார்த்து, "சேர், பெட்டி போச்சு. பொயின்ற் இருந்தாத் தாங்க, இப்பவே பூட்டி விடுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ என் தோளைத் தட்டினார்கள். பின்னால் நின்ற வானின் சாரதி, கிருலப்பனைக்காரர்.

"அண்ணே, காரை ஆறுதலாப் பாருங்க, அது எப்பிடியும் நாளைக்குத்தான் நகரும். முதல்ல ரேடியோவைக் குடுங்க, இன்னும் ஆறு பந்துதான் கெடக்கு."

என்னைத் தெரியாதவர்கள்

பழைய கார் கண்காட்சி என்று ஒன்று நடக்கும். கார் வாங்கின நாளில் இருந்த மாதிரியே வைத்திருப்பவருக்குத்தான் பெரிய பரிசு. அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு டொக்டர் என்னிடம் வந்தார். சாமான் பூட்டவேண்டும், ஆனால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். மூடிக்குள் போய்விட்டால் பெட்டி தெரியாது, வெளியே வருகிற இரண்டு வயர்தான் காட்டிக்கொடுக்கும். அந்த வயருக்குப் பழைய காலத்துத் துணிச் சுற்றுப் போட்டுப் புழுதியும் பூசிக் கொடுத்தேன். அடுத்த கிழமை ஒரு வக்கீல் வந்தார். அதே வேலை, அதே சத்தியம். அதற்கடுத்து ஒரு தேயிலைக் கம்பெனி மனேஜர். மற்றவர் செய்தது ஒருவருக்கும் தெரியாது. மூவரும் ஒருவரைப் பற்றி ஒருவர், "அவன் அசல் தவிர ஒண்டும் தொடமாட்டான், அவனோட போட்டி போடுறதுதான் கஷ்டம்" என்று என்னிடமே குறைப்பட்டார்கள். நான் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற குரு மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி அன்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்று அவளும் ஒருநாள் பார்க்கட்டும் என்று ஆசை. டொக்டர் என்னைக் கண்டதும் வானத்தைப் பார்த்தார். வக்கீல் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். மனேஜர் தன் காரையே ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் போய்விட்டார். "இவங்க எல்லாரும் உங்கட கஸ்டமர் எண்டுதானே சொன்னீங்க? நாய்க்குட்டி வந்தாக்கூட ஒரு பார்வை பாப்பாங்களே" என்றாள் மனைவி. அந்த நேரம் வெள்ளைத் தொப்பி போட்ட நடுவர் ஒருவர், கையில் குறிப்புப் புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பான ஆள் என்று பெயர். விஷயம் வெளியே வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், முன்னால் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உம்மை எனக்குத் தெரியாது, விளங்கிச்சோ? செவ்வாய்க்கிழமை பின்னேரம் என்ரை காரையும் ஒருக்கா வந்து பாரும்."

மணமகள் பிடித்த வெளிச்சம்

எங்கள் ஒழுங்கையில் ரோஸலின் அக்காவிடம் ஒரு வெள்ளைக் கேம்பிரிட்ஜ் கார் இருந்தது. கணவர் காலமான பிறகு, அதைக் கல்யாணங்களுக்கு அவரே ஓட்டுவார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பொலிஸ்காரனே வழி விடுவான். நான் அதற்குச் சாமான் பூட்டியபோது, பழைய பொயின்ற்றையும் அதோடு சேர்ந்து வேலை செய்கிற கொண்டென்சரையும் எறிய அவர் விடவில்லை. ஒரு மில்க் டொஃபி டின்னில் போட்டு டாஷ்போர்ட் லாச்சியில் வைத்துக்கொண்டார். "என்ன அக்கா, என்ட வேலையில நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டதற்கு, "உன்னில இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து வீட்டு ஸ்டீபன் அண்ணனின் மகள் டிலானிக்குக் கல்யாணம் வந்தது. ஸ்டீபன் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ஒரு வருசத்துக்கு முன்பு பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாதா கோயில் படி ஏற ஏலாது. அதனால் வரவேற்பு மண்டப வாசலில் எழும்பி நின்று, காரால் இறங்கும் மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது என்று தீர்மானித்திருந்தார். அதற்காக ஒரு மாதமாக, ஜன்னல் கம்பியைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகிக்கொண்டிருந்தார். கூட்டிப்போவதற்கு வேறு கார் இல்லாமல் இல்லை. ஆனால் அவரும் மனைவியும் கல்யாணம் முடித்துப் போனது அதே கேம்பிரிட்ஜில். மகளும் அதில்தான் வந்து இறங்கவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. பூசை முடிந்தது, படம் எடுத்து முடிந்தது, மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறினார்கள். ரோஸலின் அக்கா திறப்பைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. திரும்பவும் சுற்றியது, பிடிக்கவில்லை. மலிவுச் சாமான் சாகும்போது சொல்லிவிட்டுச் சாவதில்லை. நான் அங்கே விருந்தாளி. என்னிடம் இருந்த ஒரேயொரு கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கோயில் வளவில் இருந்த அத்தனை முகமும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு வானைக் கொண்டுவரச் சொன்னார்கள். டிலானி மாட்டேன் என்றாள். "அப்பா இப்பவே எழும்பி நிண்டிருப்பார்" என்றாள். ரோஸலின் அக்கா டாஷ்போர்ட் லாச்சியைத் திறந்தார்.

டொஃபி டின் வந்தது. காருக்குள் ஒரு ஸ்குரூ டிரைவர் இருந்தது. பொயின்ற்றின் இடைவெளியை அளக்கிற தகடு இல்லை. கல்யாணப் படம் எடுத்தவரின் விசிட்டிங் கார்டை வாங்கி அதை இடையில் கொடுத்து அளவு வைத்தேன். கிட்டத்தட்டச் சரியான தடிப்பு. பொனெற் நிழலில் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று வெளிச்சம் வந்தது. திரும்பிப் பார்த்தால் டிலானி. வெள்ளைக் கவுணை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் போன் வெளிச்சத்தோடு, எண்ணெய்க்கு ஒரு அங்குலம் தள்ளி நின்றாள். மாப்பிள்ளை பாவம், எந்தப் பக்கம் உதவுவது என்று தெரியாமல் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடியைப் பூட்டினேன். ரோஸலின் அக்கா திறப்பைத் திருப்பினார். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. கோயில் வளவே கைதட்டியது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்க, டிலானி முன் கதவைத் திறந்து பிடித்தாள். "அங்கிள், முன்னுக்கு ஏறுங்க. மாப்பிள்ளை இல்லாட்டியும் நான் ஹோலுக்குப் போயிடலாம், நீங்க இல்லாமப் போகேலாது." மாப்பிள்ளைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மண்டப வாசலில் ஸ்டீபன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உண்மையாகவே நின்றார். ஒரு கை தூணில், மற்றக் கை மகளுக்காகக் காத்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, கால் நடுங்கியது. நான் முந்தி இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். டிலானி இறங்கி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். அவர் மகளை மேலும் கீழும் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு என் கறுத்த கைகளையும், தண்ணீர் ஊற்றின மாதிரி வியர்த்த கோட்டையும் பார்த்தார். பேச்சு இன்னும் இழுபட்டுத்தான் வரும் அவருக்கு. ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

"றெஜி... நீ கார்ல வந்தியா... இல்ல காரைத் தள்ளிக்கொண்டு வந்தியா?"

அரை மணித்தியாலத்தில் பூட்டி முடிக்கிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைப் பற்றி இவ்வளவு நேரம் ஒரு மனிதனால் கதைக்க முடிகிறதென்றால், கோளாறு பெட்டியிலா ஆளிலா என்று பழைய கார் வைத்திருக்கும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.